வீட்டுக் குதிரைக்குப் பிறந்தநாள்: என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் முத்து என்று ஒரு மார்வாரி இனப் பெண் குதிரை, 2 வருடம் முன்பு அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, வரும் மே மாதம் 5 வயது முடிகிறது. 11 வயது மகள் கேக், பலூன், நண்பர்கள் என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். வெளியே எங்கும் கூட்டிப்போகாமல் வீட்டிலேயே கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் சவாரி என்று கொண்டாட ஆசை. இடம் முக்கால் ஏக்கர், உங்கள் எடை 78 கிலோ, தம்பி 52 கிலோ, அவரும் ஓட்டுவார். அந்த எடைக் கணக்கை எழுதினீர்களே, அதற்கே ஒரு நன்றி, பாதிப் பேர் அதை மறைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் 16 வருடமாகக் குதிரை வைத்திருக்கிறேன், இப்போது மூன்று நிற்கின்றன. உடைத்தே சொல்லிவிடுகிறேன், முத்துவுக்குப் பிறந்தநாள் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தினமும் அதே நேரத்துக்கு வரும் தீவனம், அதே வழியாக வரும் ஆள், அதே குரல். அந்த ஒழுங்கு கலையாத நாள்தான் அதற்கு நல்ல நாள். ஆகவே நான் செய்வது என்னவென்றால், வழக்கமான ஒரு நாளை எடுத்து அதில் குதிரைக்குப் பிடித்ததை ஒரு பங்கு கூட்டி, பிடிக்காததை ஒரு பங்கு குறைத்துவிடுவேன், அவ்வளவுதான் கொண்டாட்டம். உங்கள் மகளின் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டியிருக்கும். பதிலுக்கு அவளுக்கு வேறு வேலை தருகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தேதி விஷயத்துக்கு வருவோம். மே மாதம் 5 முடிகிறது என்று யார் சொன்னது, விற்றவரா? அப்படியானால் ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்துவிடுங்கள். பந்தயக் குதிரைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை, நம் நாடு உட்பட பூமியின் வடபாதியில் எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1ஆம் தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றாக ஒரு வயது ஏறிவிடும், ஆஸ்திரேலியா மாதிரி தென்பாதி நாடுகளில் ஆகஸ்ட் 1. சந்தைக் குதிரைக்கு ஜாதகம் அதன் பல்தான். முன்வரிசையில் மேலே 6, கீழே 6 பல். நடு ஜோடி பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது இரண்டரை வயதில், அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்துப் பற்கள் நாலரையில். இந்த ஓரப் பற்களும் முழுதாக வளர்ந்து மேலும் கீழும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் 5 வயது என்று நம்பலாம். ஓரத்தில் இன்னும் சின்னதாக வெள்ளையாகப் பால்பல் நிற்கிறது என்றால் குதிரைக்கு நாலரைகூட ஆகவில்லை, நீங்கள் திட்டம் போட்டிருக்கும் சவாரியில் பாதியைக் குறைக்க வேண்டும்.

என் குதிரை பவானியையும் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில்தான் வாங்கினேன். 6 வயது என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கால்நடை மருத்துவர் மேல் ஓரப் பல்லைத் துடைத்துக் காட்டினார், ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கோடு ஏறக்குறைய 10 வயதில்தான் தலைகாட்டும், 15இல் பல்லின் பாதி வரை இறங்கும், 20இல் அடிவரை வந்துவிடும், பிறகு மேலிருந்து மறைய ஆரம்பிக்கும். சத்தியம் செய்தவரைத் தேடிப் போகவில்லை, எதற்கு. பவானிக்குப் பிறந்தநாள் என்பது அது எங்கள் வாசலில் லாரியிலிருந்து இறங்கிய நாள்தான், ஆடியில் வரும். தேதி சரியாகத் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படி ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம், குதிரை ஆட்சேபிக்காது.

மகளுக்கு முதல் வேலை இதோ. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால், முத்துவின் முன்னங்கால் குளம்பை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மயிர் முடிந்து குளம்பு ஆரம்பிக்கும் ஓரத்திலிருந்து புதிதாக வளர்ந்து கீழே இறங்கிக்கொண்டே வரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. மேலே இன்று முளைப்பது முன்பக்கத்தில் தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அப்படியென்றால் போன பிறந்தநாளன்று மயிரோரத்தில் இருந்த குளம்புதான் இன்று தரையில் தேய்ந்துகொண்டிருக்கிறது, அதன் ஒரு வருட டைரி முழுக்க அந்த நாலு விரல் உயரத்துக்குள் எழுதியிருக்கிறது. குறுக்கே மெல்லிய வளையங்கள் தெரியும். தீவனம் மாறிய மாதம், காய்ச்சல் வந்த மாதம், பசும்புல் கொழித்த மழைக்காலம் எல்லாம் ஒவ்வொரு வளையமாக விழும். வளையங்கள் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் போனால் கவலை இல்லை. முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் விசிறி மாதிரி இருந்தால் குளம்புக்குள் அழற்சி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போது கேக் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மகளை மார்க்கர் பேனாவால் மயிரோரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டுப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மை அழிந்துபோகும், ஆனாலும் மாதாமாதம் அளந்து திரும்பப் போட்டுக்கொண்டு வந்தால் அடுத்த பிறந்தநாளுக்குள் அந்தக் கோடு தரைக்கு வந்திருக்கும். லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவ வேண்டும், கடைசியாக எப்போது வந்தார் என்று யோசிக்க வேண்டியிருந்தால் ஏற்கெனவே நாள் தாண்டிவிட்டது.

இரண்டாவது வேலை எடை. மேடை வேண்டாம், தையல் டேப் இரண்டை ஒட்டிக்கொண்டால் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், முதுகு மேட்டை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், எல்லா அளவும் சென்டிமீட்டரில். உதாரணத்துக்குச் சுற்றளவு 160, நீளம் 145 என்றால் 312 கிலோ. முத்துவும் அந்த அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் அனுப்பிய உயரத்தை வைத்துச் சொல்கிறேன். இப்போது கணக்கு: சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. 312இல் ஐந்தில் ஒன்று 62. சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 54. உங்கள் தம்பி ஏறலாம், மகள் ஏறலாம், நீங்கள் ஏறக் கூடாது. 78 கிலோ என்பது சேணத்தோடு சேர்ந்து நாலில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. ஒரு நாளைக்குத்தானே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கால் எலும்புகளின் வளர்ச்சி இரண்டு, மூன்று வயதில் நின்றுவிடும், முதுகெலும்பில் மட்டும் அது ஐந்தரை, ஆறு வயதுவரை போகும். 5 வயதுக் குதிரை பார்வைக்கு முழுக் குதிரை, முதுகைப் பொறுத்தவரை இன்னும் விடலைப் பருவம். நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள், கயிறு பிடிக்க ஒரு நிதானமான ஆள் வேண்டும், அது நீங்களாக இருந்தால் நல்லது.

சரி, இடம். முக்கால் ஏக்கரில் 20 சென்ட் ஒதுக்கினால் போதும், அதுவே 20 மீட்டருக்கு 40 மீட்டர், உலகம் முழுக்கச் சின்ன அளவுப் பயிற்சிக் களத்துக்கு அதுதான் அளவு. தென்னை மரங்களுக்கு நடுவே என்றால் மட்டை விழும் தூரத்தைத் தாண்டி இடம் பாருங்கள், இதைச் சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. தரை கெட்டியாக இருந்து மேலே இரண்டு மூன்று அங்குலம் மணல் இருந்தால் நல்லது. கடற்கரை மாதிரி கால் புதையும் அளவுக்கு மணலைக் கொட்டிவிட்டால் குதிகால் நரம்புகள் இழுத்துக்கொள்ளும். கல் பொறுக்கும் வேலையை மகளின் நண்பர்களுக்கு முந்தின நாளே கொடுத்துவிடலாம், ஆளுக்கு ஒரு வாளி.

மே மாதம் என்பதால் எல்லாம் காலை ஆறரைக்குள் தொடங்கி ஏழரைக்குள் முடிய வேண்டும். மாலை சவாரி வேண்டாம், சாயங்காலம் 5 மணிக்குக்கூட நம் ஊரில் தரை கொதித்துக்கொண்டிருக்கும். தொடங்கும் முன் நாடி பாருங்கள், தாடை எலும்பின் அடியில் உள்பக்கமாக விரலை வைத்தால் ஒரு குழாய் உருளும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44க்குள் இருக்க வேண்டும். இதையும் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள்.

பயிற்சி என்று கேட்டிருந்தீர்கள். பிறந்தநாளுக்கென்று ஒரே ஒரு புது விஷயம் கற்றுக்கொடுங்கள், அதையும் கீழே நின்றபடியே. என் வீட்டில் எல்லாக் குதிரைக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது பந்தைத் தொடுவது. ஒரு நீளமான குச்சியின் நுனியில் பழைய டென்னிஸ் பந்தைச் செருகி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நீட்டுங்கள். குதிரை என்னவென்று பார்க்க மூக்கை நீட்டும். மூக்கு பந்தில் பட்ட அதே நொடி நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம், உடனே ஒரு விரல் நீளக் கேரட் துண்டு. அவ்வளவுதான். ஏழெட்டு முறைக்குள் புரிந்துவிடும், பத்து நிமிடத்தில் பந்தைத் தேடிக்கொண்டு தானாக வரும். சத்தம் தாமதித்தால் எதற்குச் சன்மானம் என்று அதற்குக் குழம்பிவிடும், அதனால் மகள் முதலில் உங்களிடம் பழகட்டும், உங்கள் மூக்கே போதும். கேரட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, பையைக் கடிக்கப் பழகும். தூரமாக ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும், உள்ளங்கையைத் தட்டையாக விரித்துக் கட்டைவிரலை ஒட்டிவைத்துக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும், இன்னும் நன்றாகச் செய்கிறதே என்று ஆசை வரும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு இந்தப் பந்து உங்களுக்கு எவ்வளவோ உதவும், வண்டியில் ஏற்ற, ஊசி போட நிறுத்த, பயப்படும் குடையைக் கடக்க.

இதைச் சொல்லும்போது கடிவாளம் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்லி மனிதர்களைத் திட்டுகிறோம், குதிரை பக்கத்து நியாயத்தை யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக் கடிவாளத்தின் வாய்க்கம்பியை எடுத்து உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்து யாரையாவது இழுக்கச் சொல்லிப் பாருங்கள். சந்தையில் குதிரையோடு சேர்த்துக் கொடுப்பதில் சில முள்ளும் முடிச்சுமாக இருக்கும். வண்டிக்கும் சவாரிக்கும் பயன்படும் விலங்குகளுக்கு அப்படி முள் வைத்த கம்பி கூடாது என்று 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது, ஆனாலும் விற்கிறார்கள். வழுவழுப்பான, நடுவில் மடங்கும் சாதாரண இரும்புக் கம்பி ஒன்று வாங்கி அதை மாட்டுங்கள், பிறந்தநாள் பரிசு என்று ஏதாவது காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

சவாரி 25 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் வெறும் நடை, தளர்ந்த கயிறு, இரண்டு பக்கமும் மாறி மாறி. சேணத்தின் வயிற்றுப் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள், குதிரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும், நாலு அடி நடத்திவிட்டு இன்னொரு துளை, ஏறும் முன் இன்னொன்று. அப்புறம் உங்கள் தம்பி ஓட்டும்போது 20 மீட்டர் வட்டத்தில் கொஞ்சம் ட்ராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான மெல்லோட்டம், வட்டத்தின் பக்கம் மாற்றி இன்னும் கொஞ்சம். மார்வாரியில் சில குதிரைகளுக்கு ரேவால் என்று ஒரு நடை பிறவியிலேயே இருக்கும், முதுகில் உட்கார்ந்தால் குலுங்காது, தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே போகலாம் போல இருக்கும். முத்துவுக்கு இருந்தால் அதை அதன் போக்கில் விடுங்கள், அதை ட்ராட்டுக்கு மாற்றுகிறேன் என்று பிறந்தநாள் அன்று மல்லுக்கட்ட வேண்டாம். முழு வேகப் பாய்ச்சலான கேலப் வேண்டாம், 20 சென்ட்டில் அதற்கு இடமும் இல்லை.

விளையாட்டு மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் சவுக்குக் கட்டை நாலு வாங்கிப் போடுங்கள், பத்தடி நீளத்தில். பிவிசி குழாய் போடாதீர்கள், குளம்பு பட்டால் உருளும், அதில் கால் வைத்தால் குதிரையும் உருளும். நடைக்கு இரண்டரை அடி இடைவெளி, ட்ராட்டுக்கு நாலு அடி, உங்கள் குதிரையின் எட்டுக்கு ஏற்ப முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். முதல் தடவை ஒரே ஒரு கட்டை. அது குனிந்து மோந்து பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள், கண்ணுக்கு நேர் கீழே, மூக்குக்கு முன்னால் உள்ளது அதற்குச் சரியாகத் தெரியாது, தூரத்திலேயே பார்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் கால் வைக்கும். நாலு கட்டையையும் தட்டாமல் கடந்துவிட்டால் அன்றைக்கு அதுவே பெரிய காரியம்.

மகள் ஏறும்போது நீங்கள் முன்கயிறு பிடித்து நடக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடியுங்கள். தலைக்குக் குதிரைச் சவாரிக்கென்றே வரும் ஹெல்மெட், பைக் ஹெல்மெட் அந்தக் கழுத்துக்குக் கனம். காலுக்குச் சின்னதாகக் குதி உள்ள மூடிய ஷூ, செருப்பு வேண்டாம், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் முழுதாக நுழைந்து மாட்டிக்கொண்டால் விழும்போது கூடவே இழுத்துக்கொண்டு போகும். விழாமல் இருக்கப் பிள்ளையைச் சேணத்தோடு துண்டால் கட்டுகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மகளின் நண்பர்கள்? ஏறுவதற்கு ஆளாளுக்கு ஒரு சுற்று என்று ஆரம்பித்தால் பத்துப் பிள்ளைகள், பத்து ஏற்றம், பத்து இறக்கம், அது குதிரைக்கு வாடகைச் சவாரி. வேண்டாம். அவர்களுக்கு ஒரு கிண்ணம் கேரட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சும்.

இனி சாப்பாடு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் பாசத்தால் தப்பு செய்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்த குதிரைகளுக்கு இங்கே சோற்றோடு கறியைச் சமைத்துப் போடுகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். நமக்குப் பிடித்ததை அதற்கும் ஊட்டும் குணம் அவ்வளவு பழையது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வயிறு உப்பிய மாட்டைப் பார்த்திருப்பீர்கள், சர்க்கரைப் பொங்கலை அள்ளிக் கொடுத்ததால் வருவது. குதிரைக்கு அது இன்னும் மோசம், காரணம் அதனால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். இரைப்பையும் உடம்புக்கு மிகச் சின்னது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருங்குடலில் இருக்கின்றன, அவை புதுத் தீவனத்துக்குப் பழக 10 நாள் முதல் இரண்டு வாரம் வேண்டும். திடீரென்று மாவும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால் அங்கே புளித்து, வயிற்றுவலி, அதன் கூடவே குளம்பு அழற்சி. வயிற்றில் போட்ட கேக்குக்குக் காலில் நோய் வரும் என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான். சாக்லேட் ஒரு துண்டும் வேண்டாம், அதில் இருக்கும் தியோப்ரோமின் குதிரைக்கு நஞ்சு, பந்தயக் குதிரை இரத்தத்தில் இருந்தால் தடைசெய்யப்பட்ட மருந்து. வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைக்கிழங்கு நாலையும் தள்ளி வையுங்கள்.

அதற்காக மகளின் கேக் ஆசையைக் கெடுக்க வேண்டாம். முத்து தினமும் தின்னும் அதே தீவனம், அதே அளவு, ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, எதைக் கொடுக்கிறீர்களோ அதுவே. அதில் ஒரு கேரட்டைத் துருவிப் போட்டு, எலுமிச்சை அளவு வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, கொஞ்சம் ஈரமாகப் பிசைந்து, ஒரு சட்டியில் அமுக்கி அப்படியே தட்டில் கவிழ்த்தால் புட்டு மாதிரி நிற்கும். மேலே தர்ப்பூசணித் தோலை நட்சத்திரமாக வெட்டி வைக்கலாம், அது குதிரைக்கு ரொம்பப் பிடிக்கும். இதுவரை தவிடு கொடுத்ததே இல்லை என்றால் அன்றைக்குப் புதிதாகத் தவிடு வேண்டாம். கேரட்டை வட்டம் வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் வெட்டுங்கள். மெழுகுவர்த்தி கிடையாது. மணல் தரையில் தட்டை வைக்காமல் சிமென்ட் தரையிலோ தொட்டியிலோ வையுங்கள், மணலையும் சேர்த்து நக்கினால் அது குடலில் தங்கிவிடும். தானியம் எதையும் கூட்ட வேண்டாம், கூட்டுவதென்றால் குதிரை மசாலோ அருகம்புல்லோ ஒரு கை கூடுதலாக. பெயரிலேயே குதிரை இருக்கிறதே, அந்தப் பயிருக்கு அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்.

அலங்காரம் பற்றி என் கதையைச் சொன்னால் புரியும். பவானி வந்து முதல் வருடம் லாயத்து வாசலில் பத்துப் பலூன் கட்டினேன், பவானியைப் பக்கத்துத் தூணில் கட்டியிருந்தேன். காற்றில் ஒரு பலூன் அரளிச் செடியில் உரசி வெடித்தது. பின்னால் இழுத்த இழுப்பில் தூணே சாய்ந்தது, என் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், நான் குழியையும் நானே பறித்து வைத்திருந்தேன். அன்றைக்கு இரண்டு பாடம். ஒன்று, கட்டும்போது இழுத்தால் அவிழும் முடிச்சுதான் போட வேண்டும், அதையும் தூணில் நேராகக் கட்டாமல் தூணில் ஒரு சணல் நூல் வளையம் போட்டு அதில் கட்ட வேண்டும், குதிரை மிரண்டு இழுத்தால் நூல் அறுந்துவிடும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு, பலூன், பட்டாசு, கலர்ப் பேப்பர் வெடி, ஸ்பீக்கர் எதுவும் லாயத்துப் பக்கம் வரக் கூடாது.

இன்னொன்று, அந்த அரளிச் செடி. அதை அன்றைக்கே வேரோடு பிடுங்கினேன். அரளி இலை ஒரு கைப்பிடி போனாலே குதிரையின் இதயம் நின்றுவிடக்கூடும், காய்ந்த இலையும் அதே விஷம். நம் ஊரில் பூக்காரரிடம் மாலை என்று கேட்டால் பாதி அரளியாகத்தான் இருக்கும், வருகிற விருந்தாளி யாராவது ஆசையாக வாங்கி வந்து கழுத்தில் போட்டுவிடுவார்கள், பக்கத்தில் இருக்கும் இன்னொரு குதிரையோ அதுவேயோ திரும்பிக் கடித்துவிடும். முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள். மாலை போட்டே ஆக வேண்டும் என்றால் பிள்ளையாருக்குக் கட்டும் அருகம்புல் மாலை ஒன்று கட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து முடிக்கும் முன் அதை அதுவே தின்றுவிடும். ரிப்பன் கட்ட ஆசைப்பட்டால் நீலமும் மஞ்சளும் கட்டுங்கள், குதிரைக் கண்ணுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும் நிறங்கள் அவைதான். வாலில் சிவப்பு ரிப்பன் வேண்டாம், வெளிநாட்டுச் சவாரிக்காரர்கள் நடுவே அதற்கு ‘இது உதைக்கும், தள்ளி நில்’ என்று பொருள், அந்தப் போட்டோவைப் பார்க்கும் யாராவது தெரிந்தவர் சிரிப்பார்.

சவாரி முடிந்ததும் ஐந்து நிமிடம் கயிறு பிடித்து நடத்திவிட்டு, சேணத்தைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள். சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இழுத்துக்கொள்ளும், குடிக்க விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், என் அப்பாவும் சொல்வார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை எப்படிச் சமாளிப்பது என்று அளந்து பார்த்தபோது, குளிர்ந்த தண்ணீர்தான் வேகமாகச் சூட்டை இறக்குகிறது, கெடுதல் இல்லை என்று தெரிந்துவிட்டது. குடிக்கவும் விடலாம். மே மாதத்தில் முத்து அளவுக் குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிப்பது சர்வசாதாரணம், வியர்வையில் போகும் உப்புக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு தீவனத்தில். பத்து நிமிடம் கழித்து நாடி 60க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் 25 நிமிடமே அதற்கு அதிகம்.

அதே வாரத்தில் டெட்டனஸ் ஊசியின் வருடக் கணக்கையும், கடைவாய்ப் பற்களின் கூர் முனைகளை ராவுவதையும் முடித்துவிடுங்கள். டெட்டனஸ் வீட்டு விலங்குகளில் குதிரையைத்தான் முதலில் தாக்கும், லாட ஆணி ஒன்று தப்பாக இறங்கினால் போதும். தேதியை மறக்காமல் இருக்கப் பிறந்தநாளைப் போல வசதி வேறில்லை. ஊசியைச் சவாரிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள், போட்ட இடம் வலிக்கும்.

மகளுக்குக் கடைசியாக ஒரு வேலை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு இருக்கிறதல்லவா, குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே இறங்குகிறது என்று 1993இல் அளந்து சொன்னார்கள். தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விரல் நுனியால் கொஞ்சம் அழுத்தியே சொறியட்டும், தட்டிக்கொடுப்பது வேண்டாம், பட் பட்டென்று தட்டுவது நமக்குத்தான் பாராட்டு. சரியான இடம் கிடைத்துவிட்டால் மேலுதடு யானைத் துதிக்கை மாதிரி நீண்டு ஆடத் தொடங்கும், கண் பாதி மூடும்.

பிறகு கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். குளிப்பாட்டி, சீவி, ரிப்பன் கட்டி வைத்ததையெல்லாம் ஒரு நொடி யோசிக்காமல் அந்த மணலில் முன்கால் மடித்து விழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும், எழுந்து ஒரு உதறு உதறும், வேலியில் நிற்கும் அத்தனை பேர் மேலும் மண். போட்டோவை அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.